தற்காலிகமாக 82 ஆண்டுகள்: பிரேசில் கவிஞர் மனுவேல் பந்தேய்ரா

காய்ச்சல், இருமினால் ரத்தம், மூச்சுத்திணறல், ராத்திரி வியர்வை. ஒரு கவிதை இப்படித் தொடங்குகிறது. டாக்டர் சீட்டில் எழுதுவதுபோல நோய்க்குறிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, அடுத்த வரியில் வாழ்ந்திருக்கக்கூடிய, ஆனால் வாழாமலே போன ஒரு முழு வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறது. அப்புறம் மூன்று இருமல். டாக்டரை வரவழைக்கிறார்கள். அவர் நோயாளியை "முப்பத்து மூன்று" என்று சொல்லச் சொல்கிறார். போர்த்துகீசிய மொழி பேசும் ஊர்களில் நெஞ்சைச் சோதிக்கும் டாக்டர்கள் இந்த எண்ணைத்தான் சொல்லச் சொல்வார்கள். அதன் ஒலி நெஞ்சுக்கூட்டில் எப்படி அதிர்கிறது என்று கை வைத்துப் பார்த்து, நுரையீரலின் நிலையை ஊகிப்பார்கள். நோயாளி சொல்கிறார், திரும்பத் திரும்பச் சொல்கிறார். "மூச்சை இழுத்து விடுங்கள்." பிறகு ஒரு வரி முழுக்க வெறும் புள்ளிகள்.

இடது நுரையீரலில் குழி விழுந்திருக்கிறது, வலதிலும் நோய் பரவிவிட்டது என்கிறார் டாக்டர். அப்படியானால் நியூமோதொராக்ஸ் செய்து பார்க்கலாமே என்று நோயாளி கேட்கிறார். முடியாது, இனிச் செய்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது, ஒரு அர்ஜென்டீன டாங்கோ வாசிக்கலாம் என்று பதில் வருகிறது. கவிதை அவ்வளவுதான்.

நியூமோதொராக்ஸ் என்பது அந்தக் காலத்துக் காசநோய் வைத்தியம். நெஞ்சுக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் நடுவில் ஊசி வழியாகக் காற்றைச் செலுத்தி, புண்ணான நுரையீரலைச் சுருங்கவைத்து அதற்கு ஓய்வு கொடுப்பார்கள். ஒரு பக்கம் சுருங்கிக் கிடக்கும்போது மற்றப் பக்கம்தான் மூச்சுவிட வேண்டும். இரண்டு பக்கமும் கெட்டுப்போனால் அந்த வழியும் அடைபட்டுவிடும். டாக்டர் முடியாது என்று சொல்வதற்குக் காரணம் அதுதான். இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் படித்தால் அந்தக் கடைசி வரி வேறு மாதிரி கேட்கும். முதல் வாசிப்பில் சிரிப்பு வருகிறது. இரண்டாவது வாசிப்பில் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

இதை எழுதிய மனுவேல் பந்தேய்ரா அந்த நோயாளியின் நாற்காலியில் நிஜமாகவே உட்கார்ந்தவர். அப்போது அவருக்கு வயது 18. ஆனால் 82 வயதுவரை வாழ்ந்தார். பிரேசிலின் நவீனத்துவக் கவிதையைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக 1922ஆம் ஆண்டு சாவ் பாவ்லோவில் நடந்த கலை வாரம், அறிக்கைகள், கூச்சல், கலகம் என்றுதான் கதை போகும். பந்தேய்ராவின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத ஒருவர், கையில் கிடைத்த எளிய பேச்சை, பக்கத்துத் தெருச் சத்தத்தை, சின்ன வயது நினைவை அப்படியே எடுத்து வைத்தார். அந்த எளிமை இந்தக் காத்திருப்பில் விளைந்தது என்றே நான் நினைக்கிறேன்.

பந்தேய்ரா பிறந்தது 1886 ஏப்ரல் 19, பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பெர்னம்புகோ மாநிலத்தின் ரெசிஃபே நகரத்தில். ஆறும் கடலும் கலக்கும் ஊர் அது. அப்பா ஒரு பொறியாளர். குடும்பம் ரியோவுக்கும் ரெசிஃபேவுக்கும் இடையே மாறி மாறி வாழ்ந்தது. ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை பையன் ரெசிஃபேயில் இருந்தான். அங்கே உனியாவ் தெருவில் தாத்தா வீடு. அந்த நான்கு வருடத்திலிருந்து பந்தேய்ரா வாழ்நாள் முழுக்க எடுத்துக்கொண்டே இருந்தார். தீரவே இல்லை.

அப்பாவிடமிருந்து கிடைத்த ஒரு நம்பிக்கையை அவர் தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார்: கவிதை எல்லாவற்றிலும் இருக்கிறது, காதலில் இருப்பதுபோலவே கால் செருப்பிலும் இருக்கிறது. வீட்டில் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அர்த்தமில்லாத பாட்டுகளைக் கட்டிப் பாடும் பழக்கம் அந்த அப்பாவுக்கு உண்டு. ஒரு நவீனக் கவிஞரின் அழகியல் கொள்கை பாரிஸ் இதழ்களிலிருந்து வராமல், வீட்டுக் கூடத்தில் அப்பா பாடிய உளறலிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதற்கு ஒரு உதாரணம். ஆறு வயதில் அவருக்கு ஒரு கினிப்பன்றி கிடைத்தது. போர்த்துகீசிய மொழியில் அதன் பெயர் 'இந்தியப் பன்றிக்குட்டி'. (அந்தப் பிராணி தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) பையன் அதை வீட்டிலேயே அழகான, சுத்தமான இடமான கூடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறான். அது அங்கே இருப்பதில்லை, அடுப்புக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்கிறது. அவன் காட்டிய பிரியத்தை அது கண்டுகொள்ளவே இல்லை. கடைசி வரி: என் கினிப்பன்றிதான் என் முதல் காதலி. பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். அத்தனையும் ஒரு குழந்தை வந்து புகார் சொல்வதுபோன்ற சொற்கள். பிற்காலத்தில் காதலில் மனிதர்கள் படும் பாடு முழுவதும் அந்த அடுப்படியில் இருக்கிறது.

பையன் கட்டிடக் கலைஞன் ஆக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. 1903இல் சாவ் பாவ்லோ போய் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். ரயில்வே அலுவலகத்தில் வரைபட வேலையும் பார்த்தார். 1904 முடியும்போது நோய் கண்டது. படிப்பு அதோடு நின்றது.

அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. கிருமியை 1882லேயே ராபர்ட் கோச் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு 1940கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் இருந்த அறுபது வருடமும் வைத்தியம் என்றால் பெரும்பாலும் ஓய்வு, சத்தான சாப்பாடு, நல்ல காற்று. அதனால் நோயாளிகள் காற்றைத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். பந்தேய்ராவும் மலை ஊரான தெரெசோபொலிஸ், வடக்கே வறண்ட சியாரா மாநிலத்தின் சிற்றூர்கள் என்று அலைந்தார். பிரேசிலில் காசநோயில் இளவயதில் இறப்பது கிட்டத்தட்ட ஒரு கவிஞர் மரபாகவே இருந்தது. காசிமிரோ டி அப்ரேயு 21 வயதில் போனார், காஸ்ட்ரோ ஆல்வெஸ் 24 வயதில். அந்த வரிசையில் அடுத்த இடம் தனக்குத்தான் என்று பந்தேய்ரா நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை.

1913இல் ஸ்விட்சர்லாந்தின் தாவோஸ் பக்கத்தில் உள்ள கிளாவதெல் சானடோரியத்துக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே பதினேழு வயதுப் பிரெஞ்சுப் பையன் ஒருவனும் நோயாளியாக இருந்தான். பெயர் யூஜீன் கிரிந்தெல். பின்னாளில் உலகம் அவரை பால் எலுவார் என்று அறிந்தது. சர்ரியலிசக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒன்று. அவர் அங்கேயே காதலித்த ரஷ்யப் பெண் காலாவும் அதே சானடோரியத்தில்தான் இருந்தார். பிறகு எலுவாரின் மனைவியாகி, அதன் பிறகு ஓவியர் சால்வதோர் தாலியின் மனைவியானவர் இந்த காலா. பிரேசில்காரரும் பிரெஞ்சுக்காரரும் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேரையுமே அப்போது கவிஞர்களாக உலகம் அறிந்திருக்கவில்லை.

1914இல் போர் வந்தது. பந்தேய்ரா ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. புறப்படும் முன் தலைமை மருத்துவரிடம் எனக்கு இன்னும் எத்தனை காலம் இருக்கிறது என்று கேட்டார். உங்கள் நுரையீரலில் உள்ள புண்களைப் பார்த்தால் கோட்பாட்டின்படி நீங்கள் உயிரோடு இருக்கக் கூடாது, ஆனால் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள், நன்றாகத் தூங்குகிறீர்கள், கிருமியும் இல்லை, ஐந்து வருடமோ பத்து வருடமோ பதினைந்து வருடமோ இருக்கலாம், யாரால் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். பந்தேய்ரா அதற்குப் பிறகு ஐம்பத்து நான்கு வருடம் இருந்தார். அவருக்கு அது முன்கூட்டியே தெரியாது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு வருடத்தையும் கடைசி வருடம் என்ற எண்ணத்தோடுதான் கடந்தார்.

சாவு வந்தது, ஆனால் பக்கத்தில் இருந்தவர்களுக்கு. 1916இல் அம்மா. 1918இல் இத்தனை வருடமும் பக்கத்திலேயே இருந்து அவரைப் பார்த்துக்கொண்ட சகோதரி. 1920இல் அப்பா. 1922இல் சகோதரர். ஆறு வருடத்தில் வீடு காலி. எல்லோரும் யாருக்காகக் கவலைப்பட்டார்களோ அந்த நோயாளி மட்டும் மிஞ்சினார்.

இதற்கு நடுவே 1917இல் 'மணித்துளிகளின் சாம்பல்' என்ற முதல் தொகுப்பு 200 பிரதி அச்சானது, சொந்தச் செலவில். இலக்கிய வாழ்க்கையைத் தொடங்கும் எண்ணம் அப்போது தனக்கு இல்லை, சும்மா உட்கார்ந்து வாழவில்லை என்ற ஒரு நினைப்பு வேண்டியிருந்தது, அதற்காகவே போட்டேன் என்று பிறகு சொன்னார். அழுகிறவன் அழுவதுபோல எழுதுகிறேன், சாகிறவன் சாவதுபோல எழுதுகிறேன் என்று அந்தத் தொகுப்பின் ஒரு கவிதை பேசும். அந்தப் புத்தகத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். நல்ல கவிதைகள் உண்டு, ஆனால் அவருடைய குரல் இன்னும் வரவில்லை.

குரல் 1919இல் வந்தது. தொகுப்பின் பெயர் 'கார்னிவல்'. அதில் 'தேரைகள்' என்று ஒரு கவிதை இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள அன்றைய பிரேசில் கவிதை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பர்னாசியம் என்ற பாணி கோலோச்சிய காலம். கவிஞன் பொற்கொல்லனைப்போல வரியைச் செதுக்க வேண்டும், எதுகை அபூர்வமாக இருக்க வேண்டும், உயிரெழுத்தும் உயிரெழுத்தும் மோதக் கூடாது, ஒரே வேரில் பிறந்த சொற்களை எதுகையில் வைக்கக் கூடாது என்று ஏகப்பட்ட விதிகள். ஓலாவோ பிலாக் அந்த மரபின் முடிசூடா மன்னர். பந்தேய்ரா என்ன செய்தார் என்றால், இந்த விதிகளையெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒரு தேரையைப் படைத்தார். ராத்திரி நேரம், சதுப்பு நிலம், தேரைகள் கத்துகின்றன. "என் அப்பன் ராஜா!" "ஆமாம்!" "இல்லை!" "ஆமாம்!" "இல்லை!" நடுவில் அந்தப் பண்டிதத் தேரை என் செய்யுள் சுத்தியலால் நன்றாகத் தட்டி எடுத்தது என்கிறது, வடிவத்தை அச்சாக மாற்றிக் கொடுத்தேன் என்கிறது. போர்த்துகீசிய மொழியில் வடிவம், அச்சு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான், உச்சரிப்பில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். மொத்தக் கேலியும் அந்த ஒரு உயிரெழுத்தில் நிற்கிறது. இன்னொன்று: கவிதையே கச்சிதமான யாப்பில் எழுதப்பட்டது. யாப்பு தெரியாமல் திட்டுகிறான் என்று யாரும் சொல்ல முடியாது.

கவிதையின் கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சத்தத்திலிருந்து தூரத்தில், புகழும் நம்பிக்கையும் இல்லாமல், ஆற்றங்கரையில் குளிரில் நடுங்கி விம்முகிறது ஒரு குருரு தேரை. அந்தத் தேரை பிரேசில் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டுப் பாட்டில் வரும் தேரை. பண்டிதர்களைக் கிண்டல் செய்து முடித்த பந்தேய்ரா, கடைசிச் சொல்லைத் தாலாட்டுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நடுங்கும் தேரை யாரென்று வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1922 பிப்ரவரியில், பிரேசில் சுதந்திரம் பெற்ற நூறாவது ஆண்டில், சாவ் பாவ்லோ நகர அரங்கில் 13, 15, 17 தேதிகளில் நவீனக் கலை வாரம் நடந்தது. மாரியோ டி ஆண்ட்ராடே, ஓஸ்வால்ட் டி ஆண்ட்ராடே, ஓவியர் அனிதா மல்ஃபாத்தி, இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். இரண்டாம் நாள் ரொனால்ட் டி கார்வாலியோ என்ற கவிஞர் மேடையேறி 'தேரைகள்' கவிதையைப் படித்தார். கூட்டம் கூச்சலிட்டது. கவிதையில் வரும் "ஆமாம்! இல்லை!" என்ற கத்தலையே பார்வையாளர்கள் திருப்பிக் கத்தினார்கள். பிரேசில் இலக்கிய வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காட்சி இது.

அந்தக் காட்சியில் பந்தேய்ரா இல்லை. அவர் போகவில்லை. பழைய ஆசான்களை மேடை போட்டுத் தாக்குவதில் தனக்கு விருப்பம் இல்லை, யாப்பையும் பதினான்கு வரிச் சானெட்டையும் தான் ஒருநாளும் மறுத்ததில்லை என்று காரணம் சொன்னார். ஆனாலும் மாரியோ டி ஆண்ட்ராடே அவரை நவீனத்துவத்தின் திருமுழுக்கு யோவான் என்றார். கிறிஸ்துவுக்கு முன் வந்து வழியைச் செவ்வைப்படுத்திய அதே யோவான். பந்தேய்ராவோ இயக்கம் எனக்குக் கடன்பட்டது கொஞ்சம், நான் அதற்குக் கடன்பட்டது ஏராளம் என்பார். அவர் பேச்சில் போலிப் பணிவு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் அப்போது ரியோவில், சாந்தா தெரெசா மலைப்பகுதியில் குர்வெலோ தெருவில் குடியிருந்தார். 1920இலிருந்து 1933வரை அங்கேதான். தனி ஆள், நோஞ்சான் உடம்பு, கொஞ்ச வருமானம். பத்திரிகைக்கு எழுதுவார், மொழிபெயர்ப்பார். ஜன்னலுக்கு வெளியே தெருப் பையன்கள் விளையாடுவார்கள், சண்டை போடுவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். குழந்தைப் பருவத்தில் தெரிந்திருந்த வழிகளை இந்தத் தெருதான் தனக்கு மறுபடி கற்றுக்கொடுத்தது என்று எழுதினார். 'லிபெர்தினாஜெம்' தொகுப்பு இங்கே எழுதியது. 1930இல் 500 பிரதி அச்சிட்டார். பிரேசில் கவிதையை அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரிக்கச் சொன்னால், நான் இந்தப் புத்தகத்தில்தான் கோடு போடுவேன்.

அதில் 'கவிதையியல்' என்றொரு கவிதை. அடக்க ஒடுக்கமான கவிதை, நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் கவிதை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டைரக்டருக்குப் பாராட்டுரை வாசிக்கும் அரசாங்க உத்தியோகக் கவிதை எல்லாம் எனக்கு அலுத்துவிட்டது என்கிறார். ஒரு சொல் சுத்தமான போர்த்துகீசியச் சொல்தானா என்று நடுவழியில் நின்று அகராதியைப் புரட்டும் கவிதையும் வேண்டாமாம். பைத்தியக்காரரின், குடிகாரரின் கவிதை வேண்டும், விடுதலை தராத கவிதை எதுவும் இனி வேண்டாம் என்று முடிகிறது.

இதைவிடப் பெரிய காரியத்தை அவர் 1925இல், 'ரெசிஃபே நினைவு' என்ற நீண்ட கவிதையில் செய்திருந்தார். பெர்னம்புகோவின் பழைய நாளிதழ் ஒன்றின் நூற்றாண்டு மலருக்காகச் சமூகவியலாளர் கில்பெர்தோ ஃப்ரெய்ரே கேட்டு எழுதியது. தாத்தா வீடு, தெரு விளையாட்டு, வாசலில் முட்டை விற்றுப்போகும் குரல், வெள்ளத்தில் அடித்துப்போகும் மாடு என்று போய்க்கொண்டிருக்கும் கவிதை ஒரு இடத்தில் நின்று, வாழ்க்கை எனக்குப் பத்திரிகையிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ வரவில்லை, மக்கள் வாயிலிருந்து வந்தது என்கிறது. மக்களின் தப்பான மொழியில் வந்தது. அடுத்த வரி: மக்களின் சரியான மொழியில். பிரேசில் போர்த்துகீசியத்தை ருசியாகப் பேசுகிறவர்கள் அவர்கள், படித்த நாமோ போர்ச்சுக்கல் இலக்கணத்தைக் குரங்குபோலக் காப்பியடிக்கிறோம் என்கிறார். 'தப்பான' என்பதை 'சரியான' என்று ஒரே மூச்சில் திருத்தும் அந்த இரண்டு வரிதான் எனக்குப் பிரேசில் நவீனத்துவத்தின் நெஞ்சு. எந்த அறிக்கையும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

அதே கவிதையில் தெருப் பெயர்கள் வரும். சூரியன் தெரு, விடியல் தெரு, ஏக்கத் தெரு. இப்போது போய்ப் பார்த்தால் அவற்றுக்கு யாராவது ஒரு டாக்டர் இன்னாரின் பெயரை வைத்திருப்பார்களோ என்று அவருக்குப் பயம்.

செய்தித்தாளிலும் அவர் கவிதையைப் பார்த்தார். 'நாளிதழ்ச் செய்தியிலிருந்து எடுத்த கவிதை' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஜோவாவ் கொஸ்தோசோ சந்தையில் சுமைதூக்கி, பாபிலோன் குன்றில் கதவிலக்கம் இல்லாத குடிசையில் குடியிருந்தான். ஒரு நாள் ராத்திரி 'நவம்பர் இருபது' என்ற மதுக்கடைக்கு வந்தான். குடித்தான். பாடினான். ஆடினான். பிறகு ரோத்ரிகோ டி ஃப்ரெய்தாஸ் ஏரியில் குதித்து மூழ்கிச் செத்தான். மூன்று வினைச்சொல்லுக்கும் தனித்தனி வரி. அழுகை இல்லை, கருத்து இல்லை. ஆனால் குடிசைக்கு எண் இல்லை என்ற விவரத்தையும் மதுக்கடைக்குப் பெயர் இருந்தது என்ற விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவிஞர் செய்த வேலை அங்கே இருக்கிறது.

எல்லாமே குறை சொல்ல முடியாதவை என்று நான் சொல்ல வரவில்லை. 'சொர்க்கத்தில் இரேனே' என்ற மிகப் பிரபலமான குட்டிக் கவிதை எனக்குக் கொஞ்சம் சங்கடம் தரும். கறுப்பினப் பெண் இரேனே, நல்லவள், எப்போதும் சிரித்த முகம். சொர்க்க வாசலில் நின்று, வெள்ளை எஜமானரிடம் கேட்பதுபோல "உள்ளே வரலாமா ஐயா?" என்கிறாள். நீ அனுமதி கேட்கவே வேண்டாம் இரேனே, வா என்கிறார் வாசல் காக்கும் புனித பேதுரு. பாசம் உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல், பந்தேய்ரா பிறந்து இரண்டு வருடம் கழித்து. அவரை வளர்த்த வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்களுக்கு அந்த முறை பழங்கதை இல்லை, நேற்று நடந்தது. சொர்க்கத்திலாவது அவள் அனுமதி கேட்காமல் நுழையலாம் என்று சொல்லும் கவிதை, பூமியில் அவள் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்று கேட்கவில்லை.

சரி, அவருடைய மிகப் புகழ்பெற்ற கவிதைக்கு வருவோம். 'நான் பசர்கடாவுக்குப் போகிறேன்.' பசர்கடா என்பது பாரசீகப் பேரரசர் சைரஸின் தலைநகர், இன்றைய ஈரானில் உள்ள இடம். பதினாறு வயதுவாக்கில் ஒரு கிரேக்க நூலைப் படிக்கும்போது இந்தப் பெயர் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. பல வருடம் கழித்து, குர்வெலோ தெரு வீட்டில், எல்லாம் வீணாகிவிட்டது என்று மனம் சோர்ந்து கிடந்த ஒருநாள், திடீரென்று இந்த வாக்கியம் வாயில் வந்தது. உட்கார்ந்து எழுதப் பார்த்தார், வரவில்லை. விட்டுவிட்டார். சில வருடம் கழித்து அதேபோன்ற இன்னொரு சோர்வில் கவிதை முழுசாக, சிரமமே இல்லாமல் வந்துவிட்டது.

அங்கே நான் ராஜாவுக்கு நண்பன் என்று தொடங்குகிறது. வேண்டிய பெண், வேண்டிய கட்டில் என்று முதலில் வருவதைப் பார்த்து ஆசைக் கவிதை என்று நினைத்துவிடலாம். அப்புறம் வரும் பட்டியலைப் பாருங்கள்: உடற்பயிற்சி செய்வேன், சைக்கிள் ஓட்டுவேன், முரட்டுக் கழுதை மேல் ஏறுவேன், வழுக்கு மரம் ஏறுவேன், கடலில் குளிப்பேன். களைத்துப்போனால் ஆற்றங்கரையில் படுத்துக்கொண்டு, சின்ன வயதில் ரோசா என்ற பணிப்பெண் சொன்ன கதைகளை நீர்த்தேவதையை விட்டுச் சொல்லச் சொல்வேன். கனவு ராஜ்ஜியத்தில் போய் ஒரு மனிதன் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறான். பதினெட்டு வயதில் படுக்கையில் விழுந்தவனுக்கு மட்டும்தான் இது தோன்றும். கடைசியில் தற்கொலை எண்ணம் வரும் இரவைப் பற்றியும் ஒரு வரி வந்துபோகிறது.

பிரேசிலில் இன்று பசர்கடா என்றால் எல்லோருக்கும் தெரியும், பேச்சு வழக்கில் கலந்துவிட்ட சொல். அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளிலும், வறட்சிக்கும் வறுமைக்கும் நடுவே வாழ்ந்த கவிஞர்கள் இதைத் தங்கள் ஏக்கத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் ஓவிடியோ மார்ட்டின்ஸ், நான் பசர்கடாவுக்குப் போகமாட்டேன் என்று எதிர்க்குரல் எழுப்பினார். தப்பித்துப் போகக் கூடாது, இங்கேயே நின்று போராட வேண்டும் என்பது அவர் பக்கம். இரண்டும் நியாயமான குரல்கள்தான். ஆனால் பந்தேய்ராவை ஓடிப்போகிறவர் என்று சொல்வதற்கு முன் அந்தச் சைக்கிளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

குர்வெலோ தெருவிலிருந்து லாபா பகுதிக்குக் குடிபெயர்ந்தார். மலிவான பகுதி, ஜன்னலைத் திறந்தால் அழுக்குச் சந்து. ரியோவின் வளைகுடா, தொடுவானம், இயற்கைக் காட்சி எல்லாம் எனக்கெதற்கு, நான் பார்ப்பது இந்தச் சந்து மட்டும்தான் என்று இரண்டே வரியில் ஒரு கவிதை. 1937இல் ஒரு விருது கிடைத்தது. கவிதையால் தனக்குக் கிடைத்த முதல் காசு அது என்றார். அப்போது வயது 51. அடுத்த வருடம் தான் படித்த பெத்ரோ இரண்டாம் பள்ளியிலேயே ஆசிரியரானார், 1943இல் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய அமெரிக்க இலக்கியப் பேராசிரியர். 1940இல் பிரேசில் இலக்கிய அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ஷேக்ஸ்பியரின் மேக்பெத், ஷில்லரின் மேரி ஸ்டூவர்ட் எல்லாம் மொழிபெயர்த்தார். வில்லா-லோபோஸின் புகழ்பெற்ற ஐந்தாம் பாக்கியானா என்ற இசைப் படைப்பின் இரண்டாம் பகுதிக்கு வரிகள் எழுதியவரும் அவர்தான். 1948இல் நண்பர்களுக்காக எழுதிய வேடிக்கைப் பாடல்களை, உறவினரும் கவிஞருமான ஜோவாவ் கப்ரால் டி மெலோ நெட்டோ பார்சிலோனாவில் தன் கையச்சு எந்திரத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்.

மாரியோ டி ஆண்ட்ராடேயுடன் இருபது வருடத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருவர் கவிதையை இன்னொருவர் வரி வரியாகத் திருத்துவார், சண்டையும் உண்டு. 1945 பிப்ரவரியில் மாரியோ இறந்தார். நீ செத்துவிட்டாய் என்கிறார்கள், கண்ணும் காதும் ஒப்புக்கொள்கின்றன, ஆழத்தில் இருக்கும் மனம் ஒப்பவில்லை என்று பந்தேய்ரா எழுதினார். உன் இழப்பு இப்போது வலிக்கவில்லை, பிறகு ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். உறவுகளையெல்லாம் வரிசையாகப் பறிகொடுத்தவருக்குத் துக்கம் எப்போது வரும் என்ற கணக்கு தெரிந்திருந்தது.

ஐம்பதைத் தாண்டி எழுதிய 'உயில்' கவிதையில் தன்னிடம் இல்லாதவற்றையே சொத்தாக எழுதிவைக்கிறார். அப்பா கட்டிடக் கலைஞனாக வளர்த்தார், உடம்பு கெட்டது, ஆக முடியவில்லை, நான் சின்னக் கவிஞன், மன்னித்துவிடுங்கள். குழந்தைகள் என்றால் எனக்கு உயிர், எனக்கொரு பிள்ளை இல்லை, ஆனால் பிறக்காத என் பிள்ளையை நெஞ்சில் சுமக்கிறேன். இந்த இரண்டாவது இடத்தை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிந்ததே இல்லை.

1947 டிசம்பரில் 'மிருகம்' என்ற கவிதை. முற்றத்துக் குப்பையில் ஒரு மிருகம் சாப்பாடு தேடுவதை நேற்றுப் பார்த்தேன் என்கிறார். ஏதாவது கிடைத்தால் முகர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்கியது. நாய் இல்லை, பூனை இல்லை, எலி இல்லை. கடவுளே, அது ஒரு மனிதன். பிரேசில் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதலில் படிக்கும் பந்தேய்ரா கவிதை இதுவாக இருக்கும். அந்த அழுக்குச் சந்தினைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்தான் இதையும் பார்த்தது.

1952இல் வெளியான தொகுப்பில் 'கொன்சோவாதா' இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி குடும்பம் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு அந்தப் பெயர். இந்த விருந்துக்கு வருகிறவள் யாரும் விரும்பாத ஒருத்தி, சாவு. அவள் வந்தால் பயப்படுவேனோ, சிரிப்பேனோ, தெரியவில்லை என்கிறார். என் பகல் நன்றாகத்தான் போனது, ராத்திரி இறங்கட்டும். வயல் உழுது கிடக்கும், வீடு பெருக்கியிருக்கும், மேஜையில் சாப்பாடு வைத்திருக்கும், எல்லாம் அதனதன் இடத்தில். பதினெட்டு வயதிலிருந்து ஒருத்தியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டை இப்படித்தான் வைத்திருப்பார்.

1968 அக்டோபர் 13ஆம் தேதி ரியோவில் அவள் வந்தாள். அதற்குள் மொத்தக் கவிதைகளும் 'வாழ்நாள் முழுதுக்குமான விண்மீன்' என்ற ஒரே தொகுப்பாக அவருடைய 80ஆம் பிறந்தநாள் ஆண்டில் வெளிவந்திருந்தன.

கடைசிக் காலத்தில் அவர் இருந்த அறையின் ஜன்னலிலிருந்து கடலும் சாந்தோஸ் துமோன் விமான நிலையமும் தெரியும். பத்து வருடம் முற்றத்தைப் பார்த்திருந்தவருக்கு மறுபடி விடியலைப் பார்க்கும் அறை கிடைத்தது. 1953இல் அங்கே எழுதிய கவிதையில், எதிரே உள்ள விமான நிலையம் தினமும் காலையில் எனக்குப் புறப்படுவது எப்படி என்று பாடம் நடத்துகிறது என்கிறார். பயமில்லாமல், வருத்தமில்லாமல், ஏக்கமில்லாமல் கிளம்புவதற்கு அதனிடம் கற்றுக்கொள்வாராம். முழுநிலவுக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள் என்று அப்புறம் ஒரு வார்த்தை. அவர் கேட்டது அமாவாசை நிலவு.